சோலையின் இடது முழங்கால்

தோசை வந்தபோது ஓட்டலில் மதியக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. நியூ ஜெர்ஸியின் எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் இடம். வெளியே மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஏதோ ஒன்று கார்க் கண்ணாடிகளில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. சர்வர் தட்டை வைத்தார். ஓரம் சிவந்த மசாலா தோசை, நடுவில் உருளைக்கிழங்கு புடைத்துக்கொண்டு. மசாலா கூடுதலாக வைக்கச் சொன்னது நான்தான்.

“சாப்பிடு” என்றேன்.

எதிரே இருந்தவள் தட்டைப் பார்த்தாள். பிறகு என் முன்னால் ஒன்றுமில்லாமல் இருந்த மேசையைப் பார்த்தாள். பிறகு என்னை. தோசையின் ஆவி அடங்கும்வரை அவள் கை மடியிலிருந்து எழவில்லை.

அவள் பெயர் சோலெதாத். மெக்ஸிகோ பெண்கள் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரி. கோல் அடிப்பதுதான் அவள் வேலை. எங்கள் வீட்டு பேஸ்மெண்ட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தாள். என் கணவர் சேகருக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. முதல் வாரமே சோலை என்று சுருக்கிவிட்டார்.

இந்தத் தொடரில் எங்கள் பேஸ்மெண்ட்டில் தண்ணீர் புகுந்த கதையை எழுதியாயிற்று. அங்கே குடியிருந்தவளைப் பற்றி எழுதவில்லை. அவளைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. இப்போது அவள் இருக்கும் டெக்சாஸுக்குப் போன மாதம் ஃபோன் செய்தேன்.

“இரு அக்கா, படி ஏறிக்கிட்டிருக்கேன்” என்றாள். நான் காத்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் கைப்பிடி முனகுவது கேட்டது. நெடுநேரம் கேட்டது.

விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. “எழுது. ஆனா நான் கோல் அடிச்சதையும் எழுதணும்.”

எழுதுகிறேன். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவள் குரல் எனக்கு இப்போது தமிழில்தான் கேட்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ஷூவுக்குள் வார இதழ்

என் மகள் நித்யா டவுன்ஷிப் சிறுமிகள் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். சோலை அவர்களுக்குக் கோச். ஒரு நாள் காரில் வரும்போது நித்யா ஆரம்பித்தாள். “அம்மா, கோச் நீட்ஸ் எ ரூம்.”

“நம்ம வீடென்ன சத்திரமா?” என்றார் சேகர்.

“வீ ஹாவ் எ பேஸ்மெண்ட், அப்பா. யூ ஒன்லி கீப் பழைய பேப்பர் தேர்.”

அந்தப் பழைய பேப்பருக்கும் சோலை ஒரு பயன் கண்டுபிடித்தாள். நனைந்த பூட்ஸுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பக்கத்தில் வைத்தால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். ஊரிலிருந்து தபாலில் வரும் தமிழ் வார இதழ்தான் அதற்கு வாகு. தாள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். “அடியே, தொடர்கதையை நான் இன்னும் படிக்கவே இல்லடி!” என்று சேகர் கத்துவார். அவள் பூட்ஸுக்குள் கைவிட்டுக் கசங்கிய பக்கத்தை எடுத்து, மடியில் வைத்து நீவி, இரண்டு கையாலும் நீட்டுவாள். அதில் புல் வாசனையும் வலித் தைலத்தின் வாசனையும் அடிக்கும். அவர் அதையும் படிப்பார்.

அவள் பிறந்தது மெக்ஸிகோவின் வடக்கே. சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் எல்லை தாண்டி எல் பாஸோ வந்துவிட்டது. அங்கே பையன்களோடு ஆடினாள். ஆட்டத்தைப் பார்த்து ஒரு டெக்சாஸ் கல்லூரி உதவித்தொகை கொடுத்தது. மெக்ஸிகோவில் பெண்கள் அணி திரட்டியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் ஆள் தேடியபோது இவளையும் கூப்பிட்டார்கள். போனாள். அங்கே சக ஆட்டக்காரிகள் இவளுடைய ஸ்பானிஷைக் கேட்டு அமெரிக்காக்காரி என்றார்கள். இங்கே இவளுடைய ஆங்கிலத்தைக் கேட்டு மெக்ஸிகோக்காரி என்றார்கள். “ஓடும்போது மட்டும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க அக்கா” என்பாள்.

அணிச் சட்டையைப் போடுவதற்குச் சம்பளம் கிடையாது. எங்கள் பக்கத்து கிளப் ஒன்று கூப்பிட்டதால் நியூ ஜெர்ஸி வந்திருந்தாள். அங்கேயும் சம்பளம் கிடையாது. விடியும் முன் ஒரு பேக்கரியில் மாவு பிசைவாள். சாயங்காலம் சிறுமிகளுக்குப் பயிற்சி. வார இறுதியில் ஆட்டம்.

இனி அந்த கோல். சான் அன்டோனியோவில் ஒரு நட்பு ஆட்டம். மைதானம் முழுக்கச் சேறு. அவள் அப்பா மகள் ஆடிப் பார்த்ததே இல்லை. பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்ற கட்சி. அன்று மட்டும் என்ன தோன்றியதோ, வேலை முடிந்து உடையைக்கூட மாற்றாமல், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். “கோல்கீப்பர் கையில பட்டு, போஸ்ட்ல பட்டு, உள்ள போச்சு. அழகான கோல் இல்ல. அப்பாவைத் திரும்பிப் பாத்தேன். அவர் பக்கத்துல இருந்தவர்கிட்ட என்னைக் கைகாட்டிக்கிட்டிருந்தார்.” அதை அவள் எங்களிடம் பல முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கையை நீட்டிக் காட்டுவாள்.

உலகக் கோப்பை இந்த நாட்டிலேயே நடந்த கோடையில் நாங்கள் மூவரும் வடக்கு ஜெர்ஸி ஸ்டேடியத்துக்குப் போனோம். அணி ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தபோது, கடைசியில் மாற்று ஆட்டக்காரியாக அவளை இறக்கினார்கள். சேகர் எழுந்து நின்று “சோலை! சோலை!” என்று அலறினார். “அப்பா, சிட் டவுன், ப்ளீஸ்!” என்று நித்யா முகத்தை மூடிக்கொண்டாள். சோலை ஓடினாள். இடம் மாறி மாறி ஓடினாள். கையைத் தூக்கிப் பந்து கேட்டாள். பந்து அவள் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் எங்கள் ஸிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “பந்து வரலைன்னா ஃபார்வர்டுன்னு ஒருத்தி இல்லவே இல்ல அக்கா. சும்மா ஓடிட்டிருக்கிற ஒரு பொம்பளைதான்.”

அதற்கப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் பெண்களுக்கென்று சம்பளம் தரும் லீக் தொடங்கப் போகிறது. கலிஃபோர்னியாவின் பே ஏரியா அணி ஒன்று இவளைத் தேர்வுக்கு வரச் சொன்னது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இதை விட்டால் இன்னொன்று வராது என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “சம்பளத்துக்கு ஃபுட்பால்” என்று மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இட்லி ஆறுது

வரிசையாகச் சொல்ல வேண்டுமென்றால் இடையில் என் அப்பாவின் சாவைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை. சோலை எங்கள் சமையலறையில் காப்பிக்காக உட்கார்ந்திருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் திருச்சியிலிருந்து ஃபோன் வந்து, சேகர் பேசி வைத்துவிட்டிருந்தார். “யாருங்க?” என்றேன். “ராங் நம்பர்” என்றார். பிறகு தட்டு எடுத்தார். இட்லி வைத்தார். சட்னி ஊற்றினார்.

“என்ன, இன்னிக்கு உபசாரம் பலமா இருக்கு?”

“இட்லி ஆறுது. சாப்பிடு.”

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் எனக்குப் பரிமாறியது அன்றுதான். அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒன்று போட்டுக்கொள் என்றார். நான் கேலி செய்துகொண்டே சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் சொன்னார்.

நம் வீடுகளில் இது யாருக்கும் புதிதில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால் எடுக்கும்வரை வாயில் பருக்கை போகாது. அதனால் முதலில் கேட்டவர் மற்றவர்களைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். இருந்தும் அன்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்கா வந்து மறந்துவிட்டிருந்தேன்.

சோலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் கழித்துக் கேட்டாள், அண்ணா ஏன் அத்தனை நேரம் சொல்லாமல் நின்றார் என்று. விளக்கினேன்.

“எங்க வீட்ல முதல்ல அழுவோம், அப்புறம் சாப்பிடுவோம்” என்றாள். “நீங்க தலைகீழ்.” பிறகு, “ஆனா அந்த இட்லி சாப்பிட்ட நேரம் முழுக்க உங்கப்பா உயிரோட இருந்தார், இல்ல?” என்றாள்.

கறுப்புப் பட்டை

நான் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். வந்தவரைப் படுக்க வைத்து, மெஷினுக்குள் அனுப்பி, படம் எடுத்து அனுப்புவது என் வேலை. படத்தில் இருப்பதைச் சொல்வது என் வேலையில்லை. “டாக்டர் பார்த்துட்டு ரிப்போர்ட் அனுப்புவார்.” இருபது வயதுக்காரரிடமும் எண்பது வயதுக்காரரிடமும் இந்த ஒரு வாக்கியம்தான்.

எனக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். முகத்தை மட்டும் கட்டினால் போதாது, அன்பையும் கட்ட வேண்டும். படம் எடுப்பதற்கு முன் எவ்வளவு அன்பாக இருந்தாயோ, எடுத்த பின்னும் அவ்வளவுதான். ஒரு துளி கூடினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சோலைக்கு அடிபட்டது குளிர்காலத் தொடக்கத்தில், நித்யாவின் அணிக்குப் பயிற்சி கொடுக்கும்போது. பந்தோடு ஓடிவந்து சட்டென்று திரும்புவது எப்படி என்று காட்டினாள். ஈர இலைகள். யாரும் அவளைத் தொடவில்லை. சிறுமிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது என்று நித்யா சொன்னாள். கிளை ஒடிகிற மாதிரி.

அது இடது முழங்கால். கல்லூரியில் இருந்தபோதே ஒரு முறை உள்ளே நார் அறுந்து, தொடையிலிருந்து தசைநார் எடுத்து அங்கே கட்டியிருந்தார்கள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆடாமல் இருந்து மீண்டவள்.

கிளப் டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். எங்கள் சென்டருக்கே வந்தாள். காலைக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். ஹெட்ஃபோன் மாட்டினேன். “ஆடக் கூடாது” என்றேன். “அதுக்குத்தானே பயப்படறேன்” என்று சிரித்தாள்.

நல்ல முழங்காலில் அந்த நார் சாய்வான கறுப்புப் பட்டையாகத் தெரியும். கோடு போட்ட மாதிரி இருக்கும். திரையில் ஒவ்வொரு படமாக வந்தது. எலும்பு வந்தது. பழைய ஆபரேஷனின் திருகுகள் வந்தன. பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது. அடுத்த படத்திலும் பஞ்சு. குருத்தெலும்பு கிழிந்து மடங்கி, இருக்கக் கூடாத இடத்தில் கிடந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான முழங்கால்களைப் பார்த்தவள்.

மெஷினிலிருந்து வெளியே இழுத்தேன். பூட்டைத் திறந்தேன். “டாக்டர் பார்த்துட்டு ரிப்போர்ட் அனுப்புவார்” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். வெளியே பார்க்கிங்கில் இடம் கிடைத்ததா, வண்டியை எங்கே விட்டாய் என்று கேட்டேன். ஒரு துளியும் கூட்டவில்லை.

என் ஷிப்ட் அத்தோடு முடிந்தது. “வா, சாப்பிட்டுப் போகலாம்” என்று அவளை என் காரில் ஏற்றிக்கொண்டேன். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மறுபடி அந்த மேசை

“நீ சாப்பிடலயா அக்கா?”

“எனக்குப் பசியில்ல.”

“எப்பவும் என் தோசையில பாதியை நீதான் பிச்சுத் திம்ப.”

“இன்னிக்கு வேணாம். ஆறுது, சாப்பிடு.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

“அன்னிக்கு அண்ணாவும் சாப்பிடல” என்றாள்.

“அது வேற.”

“ஆறுதுன்னார்.”

“சோலை, ரிப்போர்ட்டை டாக்டர்தான்...”

“அங்க நீ நல்லாத்தான் இருந்த. பார்க்கிங்கைப் பத்திப் பேசின. நான் நம்பிட்டேன் அக்கா. எவ்வளவு சந்தோஷமா கார்ல ஏறினேன் தெரியுமா?” தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து என் பக்கம் தள்ளினாள். “இதை நான் சாப்பிட மாட்டேன். சாப்பிட்டா நீ சொல்லிடுவ.”

“சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்ற உரிமையே கிடையாது.”

“அப்ப சரி. யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. தேர்வுக்கு வெள்ளிக்கிழமை ஃப்ளைட்.”

சர்வர் வந்து தட்டைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “ஏம்மா, தோசை சரியில்லயா? வேற முறுகலாப் போட்டுத் தரட்டா?”

“பார்சல் பண்ணிடுங்க” என்றேன்.

சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். டையைத் தளர்த்தியவர் அப்படியே நின்றார். “வாயைத் திறந்து சொல்லியிருந்தா தேவலையே.”

“சொல்லக் கூடாதுங்க.”

“அதான் சொல்லாமலே சொல்லிட்டியே.”

பார்சல் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்தது. நித்யா திறந்து பார்த்தாள். “ஹூஸ் தோசா?” எங்கள் முகங்களைப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பேஸ்மெண்ட்டில் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. டாக்டரின் ஆபீஸாகத்தான் இருக்கும். அவள் வீட்டில்தான் இருந்தாள்; கீழே அவள் நடக்கும் சத்தம் கேட்டது, ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. ஃபோன் அடிக்கும்போது அந்தச் சத்தமும் நின்றுவிடும். அடித்து ஓய்ந்ததும் மறுபடி நடப்பாள். நான் மேலே அரிசி களைந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலே வந்தாள். முழங்காலுக்குப் பட்டைகள் வைத்த உறை போட்டிருந்தாள். “இறுக்கு அக்கா.” இறுக்கினேன். “இன்னும்.” தோல் பிதுங்கியது. “இன்னும்.”

“வலிக்குதா?” என்று சேகர் கேட்டார்.

“நேரா ஓடினா வலிக்காதுண்ணா.”

“ஃபுட்பால்ல நேரா ஓடறது எங்க இருக்கு?”

அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். அவர் கார் சாவியை எடுத்தார். நித்யா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் வாசலில் நின்றிருந்தாள். “குட் லக், கோச்” என்றாள். கீழே ஃபோன் மறுபடி அடித்தது. நியூவர்க் விமான நிலையத்துக்கு வண்டி புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

ஹேவர்டிலிருந்து ஒரு ஃபோன்

வசந்தத்தில் அந்த லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள். நித்யா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த வருடம் அவள் டவுன்ஷிப் அணியில் பெயர் கொடுக்கவில்லை. கேட்டால், “ஐ டோண்ட் வான்ட் டு” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பேஸ்மெண்ட்டில் ஃபர்னஸ் பக்கத்தில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் கிடந்தது. உள்ளே திணித்த காகிதத்தை யாரும் எடுக்கவில்லை.

ஃபோன் வந்தது அதற்கெல்லாம் முன்னால், அவள் போன மறு ஞாயிறு. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தோம். சேகர் வெளியே வாசலில் பனி உருக உப்புத் தூவிக்கொண்டிருந்தார். நான் சாதத்தைத் தட்டில் போட்டு ரசம் ஊற்றியிருந்தேன். இன்னும் கை வைக்கவில்லை.

பே ஏரியாவில் ஹேவர்ட் என்ற ஊரில் அவளுடைய உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். ஆனால் பேசியது வீட்டிலிருந்து இல்லை. பொது ஃபோன். காலிங் கார்டில் எத்தனை நிமிஷம் மிச்சம் என்று மெஷின் குரல் ஒன்று சொல்லி முடித்தது. பின்னால் பஸ் போனது.

“சோலை? எப்படி இருக்க? எப்படிப் போச்சு?”

எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட சில வார்த்தைகளில் ஒன்றை, உண்மையான தமிழில் சொன்னாள்.

“அக்கா, சாப்டியா?”

ஃபோன் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சேகர் குனிந்து உப்பைத் தூவிக்கொண்டே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன். “இப்பத்தான் போட்டேன்.”

“போய்ச் சாப்பிடு. நான் இருக்கேன்.”

“கார்டு தீர்ந்துடும்டி.”

“தீராது. சாப்பிடு.”

ரிசீவரை மேசைமேல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். உட்கார்ந்தேன். சாதத்தைப் பிசைந்தேன். அதிலிருந்து பஸ் சத்தம் வந்தது, யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் வந்தது, காற்று வந்தது. ரசத்தில் உப்பு போட மறந்திருந்தேன். எழுந்து எடுக்கவில்லை. ஒவ்வொரு வாயாக, அவசரப்படாமல், தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்தேன்.

“சாப்பிட்டுட்டேன்” என்றேன். “சொல்லு.”